வெடியா, வாணமா: தீபாவளிப் பட்டாசைப் பார்த்து வாங்கி, பத்திரமாகக் கொளுத்த

பட்டாசுக் கடையில் இன்று கிடைப்பது முன்பு கிடைத்த சரக்கு அல்ல. முன்பெல்லாம் வீட்டுப் பட்டியலில் முதலில் வந்தது சத்தம்தான். குருவி வெடி, லட்சுமி வெடி, பிஜிலி, அணுகுண்டு, வசதி இருந்தால் ஒரு 1000 வாலா. பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம், சாட்டை, பென்சில். இப்போது அதே பணத்தில் பெரும்பங்கு வானத்துக்குப் போகிறது. 12 ஷாட், 30 ஷாட், 60 ஷாட், 120 ஷாட் என்று பெட்டி பெட்டியாகப் 'பேன்சி' ரகம். ஒரே திரியில் அத்தனை வாணமும் அடுத்தடுத்து மேலே கிளம்பும் இந்தப் பெட்டிக்குப் பல்ஷாட் என்று பெயர். ஆனால் கொளுத்தும் பழக்கம் மட்டும் பழையபடியே இருக்கிறது: குறுகிய தெரு, கையில் ஊதுபத்தி, நாலடி தள்ளி நிற்கும் கூட்டம். லட்சுமி வெடிக்கே சரியாக இல்லாத அந்தப் பழக்கம் 60 ஷாட் பெட்டிக்குக் கொஞ்சமும் ஆகாது. என்ன வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது, எதை எங்கே வைத்துக் கொளுத்துவது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ரகம் மாறியது ஏன்

ஆசை மாறியது ஒரு காரணம், சட்டம் மாறியது இன்னொரு காரணம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், பின்னிக் கோத்த சரவெடிக்குத் தடை வந்தது. பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுக்கும் தடை. குறைந்த புகையுள்ள பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம், இணைய வணிகத் தளங்களில் விற்கக் கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2021 அக்டோபரில் பேரியம், சரவெடித் தடைகளை நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. 2023 செப்டம்பரில் பேரியத்துக்கு விலக்கு கேட்டு வந்த மனுவையும் ஏற்கவில்லை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் இது எங்கே அடித்தது என்பதைப் புரிந்துகொண்டால், கடையில் எதைத் தேடலாம் என்பதும் புரியும். சரவெடி முழுக்கக் கைவேலை. காகிதக் குழாய் உருட்டுவது, திரி ஏற்றுவது, வரிசையாகப் பின்னுவது, சுற்றிக் கட்டுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பெண்களின் கை இருந்தது. சர உற்பத்தி முடங்கியபோது அந்தப் பின்னல் வேலையும் கையை விட்டுப் போனது. பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டும் போடப்பட்டதல்ல. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் என்று வீட்டுக்கு வாங்கும் ஒளி ரகங்கள் பலவற்றில் அதுதான் எரிய ஆக்ஸிஜன் கொடுக்கும் உப்பாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் கலவையையே புதிதாக அமைக்க வேண்டும். பெரிய ஆலைகள் அதைச் சமாளித்தன. டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமத்தில் நடக்கும் சின்ன ஆலை, அதாவது 15 கிலோ வரைதான் மருந்து வைத்துக்கொள்ள அனுமதி உள்ள இடம், அவ்வளவு எளிதில் ரகம் மாற்ற முடியாது.

கிராமத்து ஓலை வெடி இன்னும் வேகமாக மறைந்துவிட்டது. பனை ஓலையை முக்கோணமாக மடித்துக் கட்டிய அந்த வெடியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். உள்ளூர்க் கைவேலைக்குக் கை கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்: கை கொடுப்பது உரிமம் உள்ள சின்ன ஆலைக்குத்தான். பெயர், முகவரி எதுவும் இல்லாமல் பையில் கட்டித் தரும் நாட்டு வெடியை வாங்குவது உதவி ஆகாது. 2021 தீபாவளியன்று புதுச்சேரி எல்லையில் உள்ள கோட்டக்குப்பத்தில், ஸ்கூட்டரில் நாட்டு வெடி மூட்டையோடு போன தந்தையும் சிறுவனான மகனும், நடுச்சாலையில் அந்த மூட்டை வெடித்ததில் இறந்தார்கள். அந்த வெடிக்குத் தீக்குச்சி தேவையில்லை. உரசலும் அழுத்தமும் சூடுமே போதும். வெங்காய வெடியும் இந்த வகைதான், தொடவே வேண்டாம்.

பட்டியல் போடுவது

முதலில் இடத்தை அளந்து பாருங்கள், பிறகு நேரத்தை. பணம் மூன்றாவது.

தமிழ்நாட்டில் தீபாவளியன்று அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. இதைத் தாண்டினால் வழக்குப் பதிவு நடக்கிறது. ஆக, உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான். ஒரு புஸ்வாணமோ சக்கரமோ அரை நிமிடம் எரியும். வைத்து, கொளுத்தி, தள்ளி வந்து, எரிந்து முடிந்து, அடுத்ததை வைக்க எப்படியும் இரண்டு நிமிடம் ஆகிவிடும். ஒருவர் மட்டும் கொளுத்தினால் ஒரு மணி நேரத்தில் முப்பது உருப்படிக்கு மேல் போகாது. பட்டாசு மீந்து போவதற்கும் அவசரப்பட்டுக் கை சுடுவதற்கும் காரணம் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

இடத்துக்கு இப்படிப் பாருங்கள். சுற்றிலும் 15 மீட்டர் திறந்த வெளியும், மேலே மின்கம்பியோ மரக்கிளையோ இல்லாத வானமும் இருந்தால்தான் பல்ஷாட் பெட்டியும் ராக்கெட்டும். இருபதடி அகலத் தெருவில், இருபுறமும் வண்டி நிற்கும் இடத்தில், தரையில் எரியும் ரகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி ஒதுக்கி, எல்லாரும் அங்கேயே வர வேண்டும். பால்கனியில் கம்பி மத்தாப்புகூட வேண்டாம்; பொறி கீழ் வீட்டுக் கொடியில் காயும் துணியில் விழும். மொட்டைமாடியில் பல்ஷாட் வைப்பதும் தவறு. பெட்டி சாய்ந்தால் ஒதுங்க இடம் இருக்காது. கைப்பிடிச் சுவரில் பட்டுத் தெறிப்பது ஆட்கள் மேலேயே திரும்பும்.

கூரை வீடு, வைக்கோல் போர், காய்ந்த காவோலை தொங்கும் பனை, மட்டை உரிக்காத தென்னை இவற்றில் ஏதாவது சுற்றுவட்டாரத்தில் இருந்தால் ராக்கெட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ராக்கெட் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பறவைகள் கூடும் ஏரி பக்கத்தில் இருந்தாலும் வெடி ரகம் வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

பாம்பு மாத்திரையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தம் இல்லை, பொறி இல்லை, அதனால் சின்னக் குழந்தை கையில் முதலில் கொடுப்பது அதைத்தான். வீட்டுப் பட்டாசு ரகங்களின் புகையை அளந்து ஒப்பிட்டபோது, நுண்துகளை மிக அதிகமாகக் கக்கியது இந்த மாத்திரைதான். குழந்தை அதன் மேலேயே குனிந்து உட்கார்ந்து பார்க்கும். வாங்க வேண்டாம்.

கைவேலை ரகங்களில் பணம் போக வேண்டும் என்றால் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம், சாட்டை, பென்சில், ஒற்றை வெடியில் குருவி, லட்சுமி ஆகியவற்றை அதிகம் எடுங்கள். பேன்சியில் 12 ஷாட் அல்லது 30 ஷாட் பெட்டி இரண்டு போதும். வீட்டுப் பிள்ளைகள் தாங்களே கையால் பிடித்தும் வைத்தும் கொளுத்துவது தரை ரகங்களைத்தான். 120 ஷாட் பெட்டியை ஒருவர் கொளுத்த, மற்றவர் எல்லாரும் அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும்

'80 சதவீதத் தள்ளுபடி' என்பது தள்ளுபடியே அல்ல. தள்ளுபடிக்கென்றே ஏற்றிப் போட்ட விலை அது. ஒரு கடையில் 500 ரூபாய் போட்டு 80 சதவீதம் கழித்தால் 100. பக்கத்துக் கடையில் அதே பெட்டிக்கு 1,100 போட்டு 90 சதவீதம் கழித்தால் 110. சதவீதத்தைப் பார்க்காதீர்கள். கழித்த பிறகு நிகர விலை என்ன, பெட்டிக்குள் எத்தனை உருப்படி, ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பாருங்கள். பேக்கிங் என்று மேலே சில சதவீதம் போடுவார்களா, 18 சதவீத ஜி.எஸ்.டி. விலைக்குள் அடக்கமா, வெளியேயா என்பதை முதலிலேயே கேளுங்கள். எஸ்டிமேட் சீட்டுக்குப் பதிலாகப் பில் கேட்டு வாங்குங்கள்.

கிப்ட் பாக்ஸ் வாங்கும்போது '30 ரகம்', '50 ரகம்' என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கலர் தீப்பெட்டி ஒன்று, கேப் சுருள் ஒன்று, பாம்பு மாத்திரை ஒன்று, குட்டிப் பென்சில் ஒன்று எல்லாமே ஒரு ரகமாகத்தான் கணக்கில் ஏறும். பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பட்டியலில் ஒவ்வொன்றும் எத்தனை உருப்படி, என்ன அளவு என்று போட்டிருக்கும். 7 செ.மீ. மத்தாப்பா 15 செ.மீ. மத்தாப்பா, புஸ்வாணம் ஸ்மாலா ஸ்பெஷலா என்று அதில் தெரியும். உதிரியாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டால் பாக்ஸ் லாபமா என்று தெரிந்துவிடும். பட்டாசுச் சீட்டுக் கட்டியவர்களும், தரப்போகும் பாக்ஸின் பட்டியலைச் சீட்டுச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

28 சோர்சா, 28 ஜெயண்ட், 24 டீலக்ஸ், 100 வாலா என்று பட்டியலில் இருப்பவை எல்லாம் கோத்த சரங்கள்தான். பெயரில் சரம் என்று இல்லாததால் பலருக்குத் தெரிவதில்லை. தடை உள்ள ரகம் அது.

வாட்ஸ்அப்பில் வரும் சுட்டியில் முன்பணம் கட்டச் சொல்லும் கடைகளை நம்ப வேண்டாம். தீபாவளிக்கு முன்பு சிவகாசிக் கடை என்ற பெயரில் போலித் தளம் போட்டுப் பணம் பறிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. நேரில் போய்ப் பார்த்து எடுங்கள்.

கடையையும் பாருங்கள். தற்காலிகப் பட்டாசுக் கடைக்கு விதிகள் உண்டு: எரியாத பொருளில் கட்டிய ஷெட், கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி, குடியிருப்பு போன்ற பாதுகாக்க வேண்டிய இடத்திலிருந்து 50 மீட்டர், கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது, எண்ணெய் விளக்கோ திறந்த தீயோ கூடாது. உரிமம் சுவரில் மாட்டியிருக்கும். இதெல்லாம் இல்லாமல் பெட்டிக்கடை வாசலில் மேசை போட்டு விற்பவரிடம் பத்து ரூபாய் குறைவு என்று நிற்காதீர்கள்.

பெட்டியைக் கையில் எடுத்ததும்

மேல் அட்டையில் ஆலையின் பெயர், ஊர், உரிம எண், தயாரித்த மாதமும் ஆண்டும், உருப்படி எண்ணிக்கை, எப்படிக் கொளுத்துவது என்ற குறிப்பு இருக்க வேண்டும். பசுமைப் பட்டாசுக்குத் தனி முத்திரையும் கியூஆர் குறியீடும் உண்டு. சி.எஸ்.ஐ.ஆர்.–நீரி என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய கலவை முறை அது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகை, நுண்துகள் புகையைக் குறைந்தது 30 சதவீதம் குறைப்பது இலக்கு. முத்திரையை வெறுமனே அச்சடித்து ஒட்டுவதும் நடக்கிறது. ஆகவே நீரியின் செயலியில் குறியீட்டை ஸ்கேன் செய்து, வரும் ஆலைப் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 'பசுமை' என்பதால் கை சுடாது, காது வலிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். புகைதான் குறையும், சூடு குறையாது. வெடியின் சத்தத்துக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற வரம்பு 1999 முதல் இருக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கும் வெடியும் பச்சைக் குழந்தையின் காதுக்கு அதிகம்தான்.

ஆலைப் பெயர் இல்லாமல் சீன எழுத்து மட்டும் உள்ள பெட்டி கள்ளச் சரக்கு, தள்ளிவிடுங்கள்.

அடுத்து உருப்படியைச் சோதியுங்கள். புஸ்வாணம் எடுத்தால் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். அடியை மண்ணால் கெட்டியாக அடைத்திருப்பார்கள். அந்த மண் அடைப்பு விரிந்தோ உதிர்ந்தோ இருந்தால், எரியும் வாயு மேலே போகாமல் அடி வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். காதருகே வைத்து லேசாகத் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரக் கூடாது. வந்தால் மருந்து விரிசல் விட்டுப் பிளந்திருக்கிறது. பிளந்த இடத்தில் தீ ஒரே நேரத்தில் அதிகப் பரப்பில் பற்றும், வாய்த்துளை அந்த வாயுவைத் தாங்காது, பூவாகக் கொட்ட வேண்டியது வெடிக்கும். புஸ்வாணம் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். அணுகுண்டு என்று தெரிந்தால் எட்டி நிற்பவர்கள், புஸ்வாணம்தானே என்று பக்கத்தில் நிற்பார்கள். முகத்தில் தீக்காயம் அப்படித்தான் வருகிறது.

கம்பி மத்தாப்பில் மருந்துப் பூச்சு ஒரே கனமாக, விரிசல் இல்லாமல், கைப்பிடிக்கு வெறுங்கம்பி போதுமான நீளம் விட்டு இருக்க வேண்டும். பூச்சு உதிர்ந்து பெட்டியின் அடியில் பொடியாகக் கிடந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். வெடியில் திரி விறைப்பாக, காய்ந்து, அடியில் அசையாமல் நிற்க வேண்டும். ராக்கெட்டில் குச்சி நேராக இருக்கிறதா, ஒட்டிய இடம் ஆடுகிறதா என்று பாருங்கள். குச்சி வளைந்த ராக்கெட் வளைந்துதான் போகும். பல்ஷாட் பெட்டியைத் தரையில் வைத்துப் பார்த்தால் ஆடாமல் உட்கார வேண்டும். அடி அட்டை உப்பியிருந்தால் அது ஈரம் பட்ட சரக்கு.

கொண்டு வருவதும் வைப்பதும்

ரயிலில் பட்டாசு கொண்டு போவது ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேருந்திலும், தபால் கூரியரிலும் வேண்டாம். சொந்தக் காரில் டிக்கியில் வைத்து, வேறு கனமான பொருள் மேலே அழுத்தாமல் கொண்டு வரலாம். பைக்கில் பெட்ரோல் டேங்கின் மேலும், சைலன்சர் பக்கம் தொங்கும் பையிலும் வைக்கக் கூடாது.

வீட்டில் சமையலறைப் பரணும் பூஜை அறையும் ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிப் பக்கமும் வேண்டாம். தரையில் நேராக வைத்தால் ஐப்பசி மழை ஈரம் ஏறும், ஆகவே அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து, பலகை மேல் வைத்து, பிள்ளைகள் எடுக்க முடியாத அறையில் பூட்டி வையுங்கள். தீப்பெட்டியை அதே பெட்டியில் போடாதீர்கள்.

நமத்துப்போன பட்டாசைத் தகரத்தின் மேல் வெயிலில் காயப்போடுவது, தோசைக்கல் சூட்டில் காட்டுவது, ஓவன் அடுப்பில் வைப்பது எல்லாம் உயிருக்கு வினை. காய்ந்தாலும் அது பழைய பட்டாசாக ஆகாது. ஈரத்தில் கரைந்த உப்பு மறுபடி கட்டியாக உறையும்போது மருந்து இடம் மாறிப் பிளந்துவிடும். எப்படி எரியும் என்று சொல்ல முடியாது. நமத்ததைத் தண்ணீரில் போட்டுவிடுவதுதான் வழி.

கொளுத்துவது

முதலில் தயாராக வேண்டியவை: தண்ணீர் நிறைத்த வாளி இரண்டு, மணல் வாளி ஒன்று, தண்ணீர்க் குழாயில் மாட்டிய நீளமான ஹோஸ், 30 செ.மீ. அல்லது 50 செ.மீ. கம்பி மத்தாப்பு ஒரு கட்டு அல்லது நீளக் குச்சியின் நுனியில் கட்டிய ஊதுபத்தி. பருத்தி உடை போடுங்கள், தாவணி நுனியையும் சட்டைக் கையையும் செருகிக்கொள்ளுங்கள். முழுக்கால் மூடிய செருப்போ ஷூவோ எல்லாருக்கும் கட்டாயம். சரக்குப் பெட்டி வீட்டுக்குள் மூடியிருக்க, ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். திறந்த பெட்டியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு கொளுத்தினால் ஒரு பொறி போதும்.

கம்பி மத்தாப்பு சாது அல்ல. அதன் பொறி முனை சுமார் ஆயிரம் டிகிரி சூட்டில் எரிகிறது. ஒன்றை மட்டும், கையை நன்றாக நீட்டி, முனையைச் சற்றுக் கீழ்நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நாலைந்தைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தினால் சூடு பெருகி, கம்பி முழுவதும் ஒரே வீச்சில் எரிந்து கைக்கு வந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம். எரிந்து முடிந்த கம்பி கறுத்துக் கிடக்கும், சூடு தெரியாது. அடுத்த பிள்ளை வெறுங்காலில் அதை மிதிக்கும். எரிந்த கம்பி நேரே தண்ணீர் வாளிக்குத்தான் போக வேண்டும். இதை ஒன்றைக் கடைப்பிடித்தாலே வீட்டுக் காயங்களில் பாதி குறையும் என்பது எங்கள் கணிப்பு.

புஸ்வாணத்தைச் சமதரையில் வைத்து, வாயில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, பக்கவாட்டில் குந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீள மத்தாப்பால் கொளுத்துங்கள். தலை ஒருபோதும் அதன் நேர் மேலே வரக் கூடாது. பற்றவில்லை என்று வாயில் ஊதிப் பார்ப்பதும், எட்டி உள்ளே பார்ப்பதும் கண்ணைக் கெடுக்கும். சக்கரத்துக்குச் சிமெண்ட் தரையோ வழவழப்பான கல்லோ வேண்டும். மண்ணிலும் ஜல்லியிலும் சுற்றாமல் நின்று ஒரே இடத்தில் எரியும், அல்லது துள்ளி ஆள் மேல் வரும். காலால் தள்ளிச் சுற்ற வைக்கும் பழக்கம் பாவாடைக்கும் வேட்டிக்கும் ஆபத்து.

ஒற்றை வெடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. திரியின் தாளைக் கிள்ளி உரித்து, மருந்தை வெளியே தெரிய வைத்துக் கொளுத்துவது. சீக்கிரம் பற்றும் என்று செய்வார்கள். ஆனால் திரி மெதுவாக எரிவதே அந்தத் தாளின் கட்டுக்குள் இருப்பதால்தான். உரித்த திரி சரசரவென்று ஒரே ஓட்டமாக ஓடிவிடும், நீங்கள் திரும்புவதற்குள் வெடிக்கும். நுனியை மட்டும் லேசாக நிமிர்த்தினால் போதும். திரியின் பக்கவாட்டில் தொடாமல் நுனியில்தான் நெருப்பு படவேண்டும். வெடியைக் கொட்டாங்குச்சி, டப்பா, பாட்டில், பானை இவற்றுக்குள் வைக்கவே கூடாது. வெடியைவிட அதன் சில்லுதான் ஆளைக் குத்தும். கையில் பிடித்து எறிவதும் கூடாது.

ராக்கெட்டைப் பாட்டிலில் வைத்தால், கிளம்பும் உதையில் பாட்டில் சாய்ந்து படுக்கையாகப் போகும். ஒரு வாளி நிறைய ஈர மணல், அதன் நடுவில் இரண்டடி பி.வி.சி. குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, குச்சி தடையில்லாமல் வழுக்கி வரும்படி உள்ளே விடுங்கள். குச்சி சிக்கினால் ராக்கெட் நின்ற இடத்திலேயே வெடிக்கும். காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு ராக்கெட் வேண்டாம்.

பல்ஷாட் பெட்டிக்கு நிதானம் அதிகம் தேவை. வரிசை இப்படி:

1. 'மேல்பக்கம்' என்று குறித்த பக்கம் வானத்தைப் பார்த்து, கெட்டியான சமதரையில் வையுங்கள். புல், மணல் மேடு, நாற்காலி, வண்டியின் மேல் வேண்டாம்.
2. நான்கு பக்கமும் செங்கல்லோ மணல் மூட்டையோ அணைகொடுங்கள், பெட்டி உயரத்தில் பாதிக்காவது வர வேண்டும். ஒவ்வொரு ஷாட்டும் கிளம்பும்போது பெட்டியைக் கீழே உதைக்கிறது. பாதிக் குழாய் காலியானதும் பெட்டியின் எடை ஒருபக்கமாகிவிடும். முதல் பத்து ஷாட் ஒழுங்காகப் போய், பிறகு சாய்ந்து கூட்டத்தைப் பார்த்து அடிப்பது இதனால்தான்.
3. கூட்டத்தைக் குறைந்தது 15 மீட்டர், 60 ஷாட்டுக்கு மேல் என்றால் 20 மீட்டர் தள்ளி, காற்று வரும் திசையில் நிறுத்துங்கள்.
4. பக்கவாட்டில் உள்ள திரியின் மூடுதாளை எடுத்து, கையை நீட்டிக் கொளுத்தி, ஓடாமல் வேகமாக நடந்து விலகுங்கள். ஓடினால் தடுக்கி விழுவீர்கள்.
5. பாதியில் நின்றாலும், சாய்ந்தாலும் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. நிமிர்த்தி வைக்க ஓடியவர்தான் முகத்தில் வாங்குவார்.

3.5 இன்ச், 4 இன்ச் என்று ஒற்றைக் குழாயில் வரும் பெரிய ஷெல் ரகம் திருவிழா வாணவேடிக்கைக்காரர்களின் வேலை. குழாயைத் தரையில் புதைத்துக் கட்டத் தெரியாமல் வீட்டு வாசலில் வைக்கும் பொருள் அல்ல அது.

வெடிக்காமல் போனவை

திரி எரிந்து 'புஸ்' என்று போனால் உடனே கிட்டப் போகாதீர்கள். உள்ளே கங்கு புகைந்துகொண்டிருக்கலாம். 20 நிமிடம் கழித்து, தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி நன்றாக நனைத்து, நீளக் குச்சியால் தள்ளி வாளியில் மூழ்க வையுங்கள். பல்ஷாட் பெட்டியை ராத்திரி முழுக்க ஊறவிட்டால்தான் நடுக்குழாய்வரை நனையும். மறுநாள் காலையில் பிள்ளைகள் தெருவில் புஸ்வெடி பொறுக்கி, உரித்து, மருந்தைத் தாளில் கொட்டிக் கொளுத்துவார்கள். பெரியவர்கள் கண்டும் காணாமல் விடும் இந்த விளையாட்டில் கண்ணும் விரலும் போகின்றன. கொட்டிய மருந்து எரியத் திரியும் இல்லை, நேரமும் இல்லை, தீப்பெட்டியைக் காட்டியதும் ஒரே சுவாலை. அதனால் படுக்கப் போகும் முன்பே டார்ச் அடித்துத் தெருவைக் கூட்டி நனைத்துவிடுங்கள். ஊறிய குப்பையை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனிப் பையில் கட்டி, பட்டாசுக் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். நனையாததைக் கட்டிக் கொடுத்தால் அவர்கள் வண்டியில் தீப் பிடிக்கும்.

சுட்டுவிட்டால்

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் காட்ட வேண்டும். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், மஞ்சள், நெய், மாவு எதையும் தடவ வேண்டாம். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும் வலி தனி. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான ஈரத்துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் தேய்க்கவே கூடாது. ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காமல், கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடினாற்போல் கட்டிக் கொண்டு போக வேண்டும். ஆடையில் தீப் பிடித்தால் ஓடவிடாமல் படுக்க வைத்து உருட்டுங்கள். அவசர ஊர்திக்கு 108, தீயணைப்புக்கு 101.

மீந்ததில் கார்த்திகைத் தீபத்துக்கு எடுத்து வைக்கத் தக்கது கம்பி மத்தாப்பும் சக்கரமும் மட்டும்தான், அதுவும் பெட்டி பிரிக்காமல் இருந்தால். புஸ்வாணத்தை எடுத்து வைத்தால் அன்றைக்கு மறுபடி அடி மண்ணைப் பார்த்து, தட்டிப் பார்த்துத்தான் கொளுத்த வேண்டும். பிரித்த பல்ஷாட் பெட்டியையும் ராக்கெட்டையும் அடைமழைக் காலம் முழுக்க வீட்டில் வைத்திருக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.